முழங்கால் சொல்லும் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"ஃபேக்டரி கதை வேண்டாம், உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்பது செயலாளர் அண்ணன் கட்டளை. ஆகவே ஒரு முழங்காலைப் பற்றிப் பேசுகிறேன். விளையாடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது பயன்படும்.

என் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் தொண்டூர். அண்ணன் மகளுக்கு 12 வயது. விழுப்புரம் மல்லர் கம்பத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கம்பம் ஏறப் போனவள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆசை வைத்துவிட்டாள். சென்ற ஆண்டு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி வந்தது. விழவில்லை, அடிபடவில்லை. பயிற்சியாளர், "பொறுத்துக்கோம்மா, பழகிடும்" என்றார். அண்ணன், "போதும், நிறுத்திடு" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, "வாராவாரம் ராஜகிரி படி ஏறி இறங்கட்டும், கால் இறுகிடும்" என்றார்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஆஸ்குட் ஷ்லாட்டர்' என்றார். 1903இல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் அந்தப் பெயர். தொடையின் முன்பக்கத் தசை, முழங்கால் சில்லு வழியாக வந்து கீழ்க்கால் எலும்பின் மேட்டைப் பிடித்து இழுக்கிறது. வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழு எலும்பாகாத குருத்து. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு இழுப்பு.

நமக்கு இது புதிதல்ல. ஃபட்டீக் பாடம் ஞாபகம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் முறிந்ததை ஆராய்ந்தார் வோலர். ஒரே ஒரு பெரிய சுமை மட்டுமல்ல, சின்னச் சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறிக்கும் என்று காட்டினார். ஆனால் ஒரு வித்தியாசம். இரும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. எலும்பும் தசைநாணும் செய்துகொள்ளும், நாம் அவகாசம் கொடுத்தால்!

ஆகவே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் எத்தனை முறை குதித்து இறங்குகிறாள் என்று எழுதச் சொன்னேன். ஒரு மாலையில் நூறைத் தாண்டியது. பயிற்சியாளரே அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவா சார்?" என்றார். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பிசியோதெரபிஸ்ட் அம்மா தெளிவாகச் சொன்னார். முழு ஓய்வும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடவும் வேண்டாம். முதல் நான்கு வாரம் குதிப்பது கிடையாது. கைவலுப் பயிற்சி, தலைகீழாக நிற்பது எல்லாம் தொடரலாம். தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, இவை வீட்டுப் பாடம். பிறகு சுவரில் சாய்ந்து உட்காருவது, காலை முன்வைத்து மடக்குவது. ராஜகிரி கூடாது, படி இறங்கும்போது முழங்காலுக்குப் பாரம் அதிகம். வலிக்கு 0 முதல் 10 வரை மார்க். 2 வரை போகலாம், 5 வரை கவனம், அதற்கு மேல் நிறுத்து.

அந்த மார்க்கில்தான் உண்மை வெளியே வந்தது. "சித்தப்பா, வலிக்குதுன்னு சொன்னா அப்பா நிறுத்திடுவார். அதான் சொல்லல" என்றாள். மீட்டர் காட்டும் அளவைத் திட்டுகிற எஞ்சினீயர் உண்டா? பிள்ளை சொல்லும் வலியும் ஒரு அளவுதான். அதைச் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை பொய் அளவுதான் கிடைக்கும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவரே தினமும் மார்க் கேட்கிறார்.

எத்தனை நாளில் சரியாகும்? 2020இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், 10 முதல் 14 வயதுள்ள 51 பிள்ளைகளுக்கு இதே மாதிரி 12 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். 12 வாரத்தில் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் அப்போது 16 சதவீதம்தான், ஓராண்டில் 69. வலி குறைவது வேறு, ஆடத் தயாராவது வேறு.

"முழங்கால் போனா ஜிம்னாஸ்டிக்ஸ் முடிஞ்சதுதானே தம்பி?" என்று அண்ணி கேட்டார். தீபா கர்மாக்கரைச் சொன்னேன். 2016 ரியோவில் நான்காம் இடம்; 2017இல் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை; 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் வால்ட் தங்கம். அவருடையது இதைவிடப் பெரிய காயம். ஆனாலும் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தார்.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் வீங்கினால், மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், இரவில் வலி எழுப்பினால், காய்ச்சல் வந்தால், நொண்டினால், நோட்டும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

எங்கள் பெண் இந்த ஆண்டு மாவட்டத் தேர்வுக்குப் போகவில்லை. அன்று அழுதாள். ஒன்பது மாதம் கழித்து இப்போது ஒரு மாலைக்கு முப்பது முறை குதிக்கிறாள். மார்க் 1 அல்லது 2. முப்பதை எப்போது நாற்பது ஆக்குவது என்பதை அவளுடைய முழங்கால் சொல்லும். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.