நடுப்பக்கங்களில் ஒரு ஹாக்கிங்



வெகுமக்களுக்கான அறிவியல் நூல்களைப் பற்றிய கருத்தரங்கு இது. தலைமையுரை என்ற பெயரில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஒன்றையும் சொல்லாமல் அமர்வதைவிட, ஒரே ஒரு நூலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஸ்டீபன் ஹாக்கிங் 1988 ஏப்ரலில் வெளியிட்ட ‘எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்’. நலங்கிள்ளியின் மொழிபெயர்ப்பில் ‘காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்’ என்று உங்களில் பலர் தமிழிலும் படித்திருப்பீர்கள். லண்டன் சண்டே டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் 237 வாரங்கள், நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 147 வாரங்கள் இருந்த நூல். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இந்த எண்களைச் சொன்னவுடன் யாராவது ஒருவர் சிரிப்பார். “வாங்கினவன் எல்லாம் படிச்சானா?” என்பார். கேலி பழையது. 2014-இல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அதற்கு ஓர் எண்ணையும் கொடுத்துவிட்டார். கிண்டிலில் வாசகர்கள் அதிகமாக அடிக்கோடிட்ட ஐந்து இடங்கள் சராசரியாக எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்து, அதை நூலின் மொத்தப் பக்கங்களால் வகுத்து, அந்த அளவுக்கு ‘ஹாக்கிங் குறியீடு’ என்றே பெயர் வைத்தார். ஹாக்கிங்குக்குக் கிடைத்தது 6.6 விழுக்காடு. தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்கு 2.4. அவர் விளையாட்டாகப் போட்ட கணக்கு அது. ஆனால் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் அதை ஆதாரமாக எடுத்து வைக்கிறார்கள். இந்த இரண்டு நாளில் அதை யாரும் மேற்கோள் காட்டாமல் இருந்தால் மகிழ்வேன். அலமாரியில் அழகுக்கு வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஹாக்கிங்கே 1989-இல் பதில் சொல்லியிருக்கிறார்: பைபிளுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் அதே கதிதான் என்றார்.

படித்தார்களா என்பதைவிட, என்னவாகப் படித்தார்கள் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. ஓர் ஆய்வாளர் தன் முடிவுகளை மாற்றிக்கொண்டே போகும் கதையை அந்த நூல் சொல்கிறது. உலகம் அதிலிருந்து பொய்க்காத வாக்குச் சொல்லும் ஒருவரை உருவாக்கிக்கொண்டது. நூலுக்கும் அதன் புகழுக்கும் நடுவே உள்ள இந்தப் பிளவைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நூல் உருவான விதம். 1984-இல் முதல் கையெழுத்துப்படி முடிந்தது. விமான நிலையக் கடைகளில் விற்கும் புத்தகமாக இருக்க வேண்டும் என்பது ஹாக்கிங்கின் ஆசை. மகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியதும் ஒரு காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். 1985-இல் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது நிமோனியா தாக்கியது. தொண்டையில் துளையிட்டுச் செய்த அறுவைச் சிகிச்சையில் உயிர் பிழைத்தார். இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் போயிற்று. அதன் பிறகு சில காலம், எழுத்துகள் எழுதிய அட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். சரியான எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், தெரியும். பிறகு கலிபோர்னியாவிலிருந்து வால்ட் வோல்டோஸ் அனுப்பிய ‘ஈக்குவலைசர்’ என்ற கணினி நிரல் வந்தது. நிமிடத்துக்குப் பதினைந்து சொற்கள் வரை முடிந்தது.

அந்த வேகத்தில்தான் நூலைத் திருத்தி எழுதினார். பான்டம் நிறுவனத்தின் பதிப்பாசிரியர் பீட்டர் குஸார்டி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பக்கம் பக்கமாகக் கேள்விகள் அனுப்பினார்: இது புரியவில்லை, இதை விளக்குங்கள். இது முடியவே முடியாதோ என்று சலித்துப்போனதாகவும், ஆனால் குஸார்டி சொன்னதே சரி என்றும் ஹாக்கிங் பின்னர் எழுதினார். பிரையன் விட் என்ற மாணவர் கூட இருந்து உதவினார். நூல் அச்சாகி வந்த பிறகு, மதிப்புரைக்காக முன்பிரதி பெற்ற இயற்பியலாளர் டான் பேஜ் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். படங்கள் இடம் மாறியிருந்தன, அவற்றின் விளக்கங்களும் தப்பு. பான்டம் அந்த அச்சுப்படியையே திரும்பப் பெற்று அழிக்க முடிவு செய்தது. இரவு பகலாகத் திருத்தி, ஏப்ரல் 1 வெளியீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

தனிமேதை நாற்காலியில் அமர்ந்தபடி பிரபஞ்சத்தைச் சிந்தித்து எழுதிய நூல் என்பது அட்டைப்படம் சொன்ன கதை. அந்த அட்டைப்படத்தையே ஹாக்கிங்குக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கப் பதிப்பில் இருந்த புகைப்படம் பழையது, பரிதாபமானது என்றார். மாற்றும் உரிமை ஒப்பந்தப்படி அவருக்கு இல்லை. பிரிட்டிஷ் பதிப்புக்கு மட்டும் வேறு படம் போட வைக்க முடிந்தது.

சமன்பாடு பற்றிய கதையும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகும் என்று யாரோ எச்சரித்தார்களாம். ஐன்ஸ்டைனின் ஒரே சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். பின்னாளில் பதிப்பகங்கள் இதை வேதவாக்காகவே பிடித்துக்கொண்டன. எனக்கு உடன்பாடில்லை. அந்த நூலின் மிகக் கடினமான பகுதி எட்டாம் அத்தியாயத்தில் வரும் கற்பனைக் காலம். அங்கே சமன்பாடே இல்லை; இருந்திருந்தால் பாதி வாசகர்கள் போயிருப்பார்கள், மீதிப் பாதிக்கு விளங்கியிருக்கும்.

இனி நடுப்பக்கங்களுக்கு வருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரபஞ்சம் அடர்த்தி முடிவிலியாகும் ஓர் ஒருமைப்புள்ளியில் தொடங்கியிருக்க வேண்டும் என்று 1970-இல் ரோஜர் பென்ரோஸும் ஹாக்கிங்கும் நிறுவினார்கள். முதலில் எதிர்ப்பு இருந்தது. பிறகு எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட நேரம் பார்த்து ஹாக்கிங் மனம் மாறிவிட்டார். குவாண்டம் விளைவுகளைக் கணக்கில் எடுத்தால் அந்த ஒருமைப்புள்ளி இருக்க வேண்டியதில்லை என்று இப்போது மற்றவர்களை நம்பவைக்க முயல்வதாக எழுதுகிறார்.

ஏழாம் அத்தியாயம் இன்னும் சுவையானது. கருந்துளைக்கு என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, உண்டு என்று ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் என்ற இளம் ஆய்வாளர் சொன்னது ஹாக்கிங்குக்கு எரிச்சலைத் தந்தது. அவரை மறுத்து இருவரோடு சேர்ந்து கட்டுரையே எழுதினார். அந்தக் கட்டுரைக்கு எரிச்சலும் ஒரு காரணம் என்று மறைக்காமல் சொல்கிறார். 1973-இல் மாஸ்கோ போகிறார். சுழலும் கருந்துளை துகள்களை உமிழும் என்று அங்கே சோவியத் இயற்பியலாளர்கள் செல்தோவிச்சும் ஸ்டாரோபின்ஸ்கியும் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கிட்ட முறை பிடிக்காமல் தானே போட்டுப் பார்க்கிறார். சுழலாத கருந்துளையும் உமிழ்கிறது என்று விடை வருகிறது! மகிழ்ச்சி வரவில்லை, கலக்கம்தான் வருகிறது. இது பெக்கன்ஸ்டைன் காதுக்குப் போனால் தன் வாதத்துக்குத் துணையாக்கிக்கொள்வாரே என்ற பயம். கடைசியில் ஆக்ஸ்போர்டு அருகே ரதர்ஃபோர்டு ஆய்வகத்தில் முடிவை அறிவிக்கிறார். அமர்வுக்குத் தலைமை தாங்கிய ஜான் டெய்லர், எல்லாம் அபத்தம் என்று சொல்லிவிடுகிறார். (அமர்வுத் தலைவர்கள் கவனிக்க.) இன்று அந்த உமிழ்வுக்கு ஹாக்கிங் கதிர்வீச்சு என்று பெயர்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், பிரபஞ்சம் சுருங்கும்போது ஒழுங்கின்மை குறையும் என்று தான் நினைத்தது தவறு என்கிறார். திருத்தியவர்கள் அதே டான் பேஜும், ரேமண்ட் லஃப்லாம் என்ற மாணவரும். தவறு என்று தெரிந்தால் அதை அச்சிலேயே ஒப்புக்கொள்வதுதான் நல்லது என்றும் எழுதுகிறார். விற்பனையில் சாதனை படைத்த நூல் ஒன்றில் ஆசிரியர் இத்தனை முறை பின்வாங்குவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தப் பக்கங்களைப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. அவற்றுக்குக் கிடைத்தது கடைசி வாக்கியமும் அதில் வந்த கடவுளும்தான். மெய்ப்புத் திருத்தும்போது அந்த வாக்கியத்தை வெட்டிவிட இருந்ததாகவும், வெட்டியிருந்தால் விற்பனை பாதியாகியிருக்கும் என்றும் ஹாக்கிங் பின்னர் எழுதினார். முன்னுரை எழுதிய கார்ல் சேகனும் இது கடவுளைப் பற்றிய நூல், ஒருவேளை கடவுள் இல்லாமையைப் பற்றிய நூல் என்று வழிகாட்டிவிட்டிருந்தார். அறிவியல் நூல் கடவுளைக் காட்டி விற்பது பிரிட்டனில் புதிதும் இல்லை. 1930-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஜேம்ஸ் ஜீன்ஸின் ‘தி மிஸ்டீரியஸ் யுனிவர்ஸ்’ நூலும் இப்படித்தான் விற்றது. அதில் உலகைப் படைத்தவர் ஒரு கணிதவியலாளர். ஜீன்ஸும் வானியலாளர் எடிங்டனும் உணர்ச்சியைக் கிளறித் தத்துவம் பேசுகிறார்கள் என்று 1937-இல் தத்துவ அறிஞர் சூசன் ஸ்டெப்பிங் ஒரு முழுநூல் எழுதிக் கண்டித்தார். ஹாக்கிங்குக்கு அப்படி ஒரு ஸ்டெப்பிங் வாய்க்கவில்லை என்பது என் குறை.

குரலும் இதற்குத் துணை செய்தது. எம்.ஐ.டி.யில் டென்னிஸ் கிளாட் தன் குரலையே அடிப்படையாகக் கொண்டு செய்த செயற்கைக் குரல் அது. மேம்பட்ட குரல்கள் வந்த பிறகும் ஹாக்கிங் அதை விடவில்லை. ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் தீர்ப்பு போலவே கேட்கும். அந்தக் குரல் தொலைக்காட்சியிலும் ஒலித்தது: 1993-இல் ஸ்டார் ட்ரெக், 1999-இல் தி சிம்ப்சன்ஸ், நடுவே விளம்பரங்கள். 2004-இல் டப்ளின் மாநாட்டில், கருந்துளைக்குள் போன தகவல் அழிந்துவிடும் என்ற தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டு, இயற்பியலாளர் ஜான் பிரெஸ்கிலிடம் கட்டிய பந்தயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டு பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொடுத்தார். உலகம் அதையும் இன்னொரு தீர்ப்பாகவே கேட்டது.

நம் பக்கத்திலிருந்து ஒரு சிறு சான்று. ஆறாம் அத்தியாயத்தில் சுப்ரமணியன் சந்திரசேகர் வருகிறார். 1928-இல் எடிங்டனிடம் படிக்கக் கப்பலேறினார் என்று, நான் பார்த்த ஆங்கிலப் பதிப்புகளில் இருக்கிறது. 1928-இல் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். அந்த ஆண்டு இங்கே வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்டை விடுதிக்கே தேடிப்போய்ச் சந்தித்தவர். பம்பாயில் கப்பலேறியது 1930 ஜூலை 31. கேம்பிரிட்ஜில் அவருக்கு நெறியாளர் எடிங்டன் அல்ல, ஃபவுலர். சிறிய பிழைதான். ஆனால் படங்கள் இடம் மாறியதற்காக அச்சுப்படியையே அழித்தவர்கள் கண்ணில் இது படவில்லை. கோடிப்பேர் வாங்கிய நூலில், திருத்தச் சொல்லி ஒரு கடிதம் போடலாம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? வாக்குச் சொல்பவரிடம் யாரும் ஆண்டுக்கணக்கைச் சரிபார்ப்பதில்லை.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் அறிவியல் நூல்களைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் எளிமை, நடை, கலைச்சொல் என்ற மூன்றோடு நின்றுவிடாதீர்கள். பதிப்பாசிரியர் யார், அவர் என்ன கேட்டார், மறுபதிப்பில் எது திருத்தப்பட்டது, வாசகர் எழுதிய கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். கிடைத்ததைக் கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் எங்கெல்லாம் தேடினீர்கள் என்றாவது சொல்லுங்கள். தலைமை தாங்குகிறவர்கள் யாரையும் அபத்தம் என்று சொல்லி உட்கார வைக்க வேண்டாம். கேள்வி நேரத்தைச் சுருக்கவும் வேண்டாம். நேரம் போதாவிட்டால் தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், அமைப்பாளர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.