பிள்ளைங்க மனசையும் கேட்போம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன வருஷம் என் பையன் ஒன்பதாவது படிச்சான். ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் திண்டிவனம் போய் வருவான். ஆடி மாசத்துக்கு அப்புறம் திங்கட்கிழமை ஆனா வயித்துவலின்னு படுத்துக்குவான். சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். ஒருநாள் சட்டை கிழிஞ்சிருந்தது. விசாரிச்சப்போ, நாலு பசங்க பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்க, போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுச் சிரிக்கிறாங்கன்னு சொன்னான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "ஆம்பளப் புள்ள, திருப்பிக் குடுக்கத் தெரியாதா?"ன்னு திட்டினேன். அதோட அவன் வாயை மூடிக்கிட்டான். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னா, "பசங்கன்னா அப்படித்தாம்மா"ன்னு அனுப்பிட்டாங்க.

ஒரு ராத்திரி சோறு போடும்போது, "நான் இல்லன்னா உனக்குச் செலவு மிச்சம்தானேம்மா?"ன்னு கேட்டான். எனக்குக் கை நடுங்கிப்போச்சு. எங்க குழு ஊக்குநர் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேட்டாங்க. எனக்குப் பகீர்னு ஆச்சு. அவன் ஓன்னு அழுது எல்லாத்தையும் கொட்டிட்டான். அப்படிக் கேட்டா இல்லாத நினைப்பு வந்துடும்னு நாம பயப்படுறோம். வராது, கேட்டா பாரம்தான் குறையும்னு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாங்க. மறுவாரம் குழுவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து பள்ளிக்கூடம் போனோம். தனியா போனப்போ கிடைக்காத பதில் அன்னைக்குக் கிடைச்சது.

2023 ஆகஸ்ட்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ படிச்ச பையனைச் சாதியைச் சொல்லிக் கூடப் படிச்சவங்களே தொல்லை குடுத்தாங்க. அவன் பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டான். பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிஞ்சதும் ராத்திரி வீடு புகுந்து வெட்டினாங்க. தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை அடுத்த வருஷமே 600-க்கு 469 மார்க் எடுத்துப் பாஸ் பண்ணினான். அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாதுன்னு அதில் இருக்கு. கயிறு கட்டின கைக்குச் சோறு போடுறது நாமதானே? நாம கேட்டோமா?

என் பையனைக் கேலி செஞ்சதில் ஒருத்தனோட அம்மாவும் நம்ம கூட்டமைப்பில்தான் இருக்காங்க. விஷயம் தெரிஞ்சு என் வீட்டுக்கே வந்து, "நம்ம பிள்ளைய யாரும் அடிக்கிறாங்களான்னுதான் பாத்தேன். அவன் அடிப்பானான்னு பாக்கலையே"ன்னு சொன்னாங்க. இன்னைக்கு அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

இன்னொண்ணு, பூச்சிமருந்து. நெல்லுக்கும் மணிலாவுக்கும் வாங்கினதை இறவாணத்தில் செருகி வைக்கிறோம். நம்ம பக்கத்துக் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், மருந்தை வீட்டில் வைக்காம ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டி வைக்கிற ஏற்பாட்டை சிநேகா அமைப்பு செஞ்சு பாத்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் ஆரம்பிச்ச அமைப்பு அது. அவசரப் புத்தி கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாம இருந்தா உயிர் தப்பும். நாமும் மருந்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைப்போம்.

என் வேண்டுகோள் இதுதான். மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடிச்சதும் பத்து நிமிஷம் பிள்ளைங்களைப் பத்திப் பேசணும். இதைத் தீர்மான நோட்டில் எழுதணும். 14416 மனநல உதவி, 1098 குழந்தைகள் உதவி, 104 மருத்துவ உதவி, இந்த மூணு நம்பரையும் பாஸ் புத்தகத்துக்குப் பின்னால் ஒட்டி வைங்க.

என் பையன் இப்போ பத்தாவது. இன்னும் சில நாள் பேசாமதான் இருப்பான். நான் திட்டுறதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துக்கிறேன். தவணை ஒருநாள் தவறினா ஏன்னு வீடு தேடிப் போய்க் கேக்குறோம். பிள்ளை முகம் ஒருநாள் வாடினாலும் அப்படியே கேட்போம்.