மட்டாஞ்சேரியும் கதிர்ச் சிகிச்சையும்

கொச்சித் துறைமுகத்தின் பழைய வணிகப் பகுதி மட்டாஞ்சேரி. மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் கிடங்குகள் இங்கு தலைமுறை தலைமுறையாக இயங்கி வந்துள்ளன. அக்கிடங்குகளில் சரக்கைப் புடைத்தும் தரம் பிரித்தும் தரும் பணி பெரும்பாலும் பெண்களுடையது. நாட்கூலி பெறும் அத்தகைய ஒரு பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படுமானால் இன்றைய மருத்துவ விஞ்ஞானம் அவருக்கு எதை அளிக்க இயலும்? அதை அவர் முழுமையாகப் பெறுவதற்கு எவை தடையாக நிற்கும்? இவ்விரு கேள்விகளே இவ்வுரையின் பொருளாகும்.

நோயின் பரிமாணம்

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். கட்டி பெருத்துவிட்ட நிலையில் அறுவை சிகிச்சை பெரும் பயன் தருவதில்லை. ஐந்து வாரங்களில் சுமார் 25 முறை வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்வீச்சு, அதனுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து, அதையடுத்துக் கருப்பையினுள் கதிர் மூலத்தை வைத்து அளிக்கும் உட்புறச் சிகிச்சை ஆகிய மூன்றுமே அப்போது முதன்மையான வழி.

படம் காட்டும் வழி

கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பையும், பின்னால் மலக்குடலும், மேலே சிறுகுடலும் உள்ளன. சிறுநீர்ப்பை நிறைவதற்கும் காலியாவதற்கும் ஏற்பக் கருப்பை நாள்தோறும் இடம் மாறுகிறது. சில சமயம் இம்மாற்றம் சில சென்டிமீட்டர் அளவுக்கும் இருக்கும். கட்டி எங்கிருக்கும் என்பது உறுதியாகத் தெரியாதபோது, இலக்கைச் சுற்றி அகலமான விளிம்பு விட்டே கதிரைச் செலுத்த வேண்டியிருந்தது. அதனால் நலமான குடலும் கதிருக்கு இலக்காயிற்று.

படவழிக் கதிர்ச் சிகிச்சையில் நோயாளி மேடையில் படுத்த பிறகு, லீனியர் ஆக்ஸிலரேட்டர் சாதனத்துடன் இணைந்த ஸ்கேன் கருவி அன்றைய நிலையைப் படமெடுக்கிறது. திட்டமிட்ட படத்துடன் அதை ஒப்பிட்டு, மேடையைச் சில மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்த பிறகே கதிர் செலுத்தப்படுகிறது. நோயாளி குறித்த அளவு தண்ணீர் அருந்திக் குறித்த நேரம் காத்திருப்பதும் இம்முறையின் இன்றியமையாத பகுதி.

மும்பையில் கிடைத்த சான்று

இச்சிகிச்சையின் பயனை நிறுவியவற்றுள் முக்கியமான ஆய்வு நம் நாட்டிலேயே நடைபெற்றது. மும்பை டாட்டா நினைவு மையம் 2011 முதல் 2019 வரை, அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்ட 300 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தது. 2021-இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ நாட்பட்ட குடல் பாதிப்புக்கு ஆளானோர் முந்தைய முப்பரிமாண முறையில் 42.4 சதவிகிதம், படவழி முறையில் 21.1 சதவிகிதம். நோயை அடக்குவதில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோய் அடங்கிய பின்னும் ஓயாத வயிற்றுப்போக்கும் இரத்தப்போக்கும் உடையவர் கிடங்கு வேலைக்குத் திரும்ப இயலாது. ஆகவே இப்பாதி குறைவு மருத்துவ ஆதாயம் மட்டுமன்று, பொருளாதார ஆதாயமும் ஆகும்.

இருபத்தைந்து நாட்கள்

எறணாகுளம் பொது மருத்துவமனை மட்டாஞ்சேரிக்கு நேர் எதிரே, காயலின் மறுகரையில் உள்ளது. களமசேரியிலுள்ள கொச்சின் புற்றுநோய் ஆராய்ச்சி மையமோ நகரின் வடபுறத்தில், மேலும் தொலைவில் உள்ளது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் நீர் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது பயணத்தை ஓரளவு எளிதாக்கியுள்ளது. எனினும் போக்குவரத்து, காத்திருப்பு, சிகிச்சை என நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும். இருபத்தைந்து நாட்கள் என்பது ஒரு மாதக் கூலி.

காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆனால் இழந்த கூலியை அது ஈடு செய்வதில்லை. வெளிக்கதிரும் உட்புறக் கதிரும் சேர்ந்து எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது மருத்துவ விதி. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கிறது. மில்லிமீட்டர் துல்லியம் படைத்த சாதனமும், வராமற்போன நோயாளிக்கு உதவ இயலாது.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வகுத்த இலக்கு மூன்று கூறுகள் கொண்டது. 2030-க்குள் 90 சதவிகிதச் சிறுமியர் 15 வயதுக்குள் தடுப்பூசி பெற வேண்டும். 70 சதவிகிதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும், 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் கண்டறியப்பட்டோரில் 90 சதவிகிதத்தினர் சிகிச்சை பெற வேண்டும். இம்மூன்றாவது கூறு, சாதனங்களை நிறுவுவதால் மட்டும் நிறைவேறிவிடாது. சாதனத்தின் விலையைக் கணக்கிடும் அதே ஏட்டில், பயணப்படி, கூலி ஈடு, தங்குமிடம், வராத நாளன்றே வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர் ஆகிய செலவுகளும் இடம் பெற வேண்டும். எத்தனை சாதனங்கள் நிறுவப்பட்டன என்பதை விட, எத்தனை பெண்கள் எட்டு வாரங்களுக்குள் சிகிச்சையை முடித்தனர் என்பதே சாதனைக்கு உரிய அளவுகோல்.