ஒலி வைத்தியமும் உளி பிடித்த கையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் நிறைக்குப் போய் மரம் சீவுகிறவர்களுக்கு முழங்கையிலும் தோளிலும் வலி வருவது புதிதல்ல. கணக்கெழுதும் கிராணிமார்களுக்கும் உண்டு. தசையை எலும்போடு கட்டும் நாண் நைந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம்.

இதற்கு அல்ட்ராசவுண்ட் கருவியைச் சிபாரிசு செய்கிறார்கள். காதுக்கு எட்டாத ஒலி அது; நொடிக்குப் பத்து லட்சம், முப்பது லட்சம் அதிர்வுகள். பசை தடவித் தேய்ப்பார்கள். கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து அதற்குப் போகிறவர் கேட்க வேண்டியது இதுதான்: வலி குறைந்தது ஒலியாலா, ஓய்வாலா?

இதைக் கண்டறிய நேர்மையான வழி உண்டு. சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மெய்யான ஒலி. மற்றதற்கும் அதே கருவி, அதே பசை, அதே தேய்ப்பு. ஆனால் ஒலி வராது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, வலியை அளப்பவருக்கும் தெரியக்கூடாது. (பால் நிறுக்கும் இடத்திலும் இப்படியொரு ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!)

1985-இல் இங்கிலாந்தில் முழங்கை வலிக்காரர் 76 பேரைச் சோதித்தார்கள். மெய்யான ஒலி பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்குக் குணம். பொய்க் கருவிக்காரர்களில் 29 பேருக்கு. நல்ல செய்திதான். ஆனால் 1988-இல் 99 பேரை வைத்து நடந்த சோதனையில் மெய்க்கும் பொய்க்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை.

வியன்னாவில் 1999-இல் வெளியானது விசித்திரமானது. தோள் நாணில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு 24 தடவை வைத்தியம். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், மெய்யான ஒலி பட்ட தோள்களில் நூற்றுக்கு 42-இல் சுண்ணாம்பு மறைந்திருந்தது, மற்றவற்றில் 8-இல்தான். வலியோ? வைத்தியம் முடிந்தபோது மெய்ப் பிரிவுக்கு நன்மை தெரிந்தது. ஒன்பதாம் மாதத்தில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றே. படம் மாறியது, நோவில் பேதமில்லை.

2001-இல் பலவகை வலிகளுக்கான 35 சோதனைகளைச் சலித்தார்கள். ஒழுங்காக நடந்தவை 10. அவற்றில் 2 மட்டுமே கருவியின் பக்கம் பேசின.

ஆகவே கருவியை மோசடி என்று நான் சொல்லவில்லை. கைப்பணம் கொடுக்குமளவு சாட்சி இல்லை என்கிறேன். நாணுக்குச் சிறுகச் சிறுகப் பளு ஏற்றும் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் உண்டு. தேய்த்துவிட்டு மறுநாளே அதே நிறைக்கு அனுப்பும் நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது இலகு வேலை. கை நோகிறவர்கள் டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். சொக்சோ மனுவுக்கும் அது வேண்டும்.