உறக்கமும் மூளையின் காவல் அரணும்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் உழைப்பின் நாள் மாலையில் தொடங்குகிறது. இருட்டுமுன் புறப்படும் படகுகள் நீரோட்டத்தில் வலையை மிதக்கவிட்டு, விடியுமுன் இழுத்து, காலை ஏலத்திற்குக் கரை சேர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், திறந்த கரைகளில் படகை இறக்க இயலாதபோது, அண்டை ஊர் மீனவரும் இத்துறைமுகத்தையே நாடுகின்றனர். ஏலம் முடிந்து, வலையைச் சீர்செய்து வீடு திரும்புகையில் வெயில் ஏறிவிடுகிறது. உறக்கத்திற்கு எஞ்சுபவை பகலின் சில மணி நேரங்களே. இவ்விழிப்பினால் வரும் சோர்வும் கவனக்குறைவும் யாவரும் அறிந்தவை. கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு கேடும் இதில் இருக்கக்கூடும் என்று அண்மைக்கால ஆய்வுகள் சுட்டுகின்றன.

1885ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், விலங்குகளின் குருதியில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். ஏனைய உறுப்புகள் சாயமேற, மூளை மட்டும் நிறம் மாறாது நின்றது. மூளைக்குச் சாயத்தை ஏற்கும் இயல்பு இல்லை போலும் என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் கோல்ட்மான் 1913இல் அதே வகைச் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் நேரே செலுத்தியபோது மூளை நன்கு சாயமேறியது. பிற உறுப்புகள் ஏறவில்லை. ஆகவே குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தடுப்பு உண்டு என்பது தெளிவாயிற்று. 1967இல் ரீஸ், கர்னோவ்ஸ்கி ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியால் அதனைக் கண்டனர். மூளையின் மயிரிழைக் குழல்களின் உட்சுவரில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, இடைவெளியை அடைத்துள்ளன. தோணிப் பலகைகளின் பொருத்துகளை நீர் கசியாது அடைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இந்த அரண் வெறும் மதில் அன்று, வாயில்களும் உடையது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்கு வேண்டிய குளுக்கோஸ், சுவரிலுள்ள தனிப்பட்ட புரதங்களின் வழியே உள்ளே கொண்டு செல்லப்படுகிறது. நச்சுப் பொருள்களும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்படுகின்றன.

உறக்கம் குறைந்தால் இந்த அரண் என்னவாகும்? 2013இல் வெளிவந்த மெக்சிகோ ஆய்வொன்றில், கனவு நிலை உறக்கம் பத்து நாள் தடுக்கப்பட்ட எலிகளின் மூளைக்குள் சாயம் கசிந்தது. மறு ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு நாள் உறக்கம் குறைக்கப்பட்ட சுண்டெலிகளிடம் கசிவு கூடியதோடு, குளுக்கோஸைக் கொண்டு செல்லும் புரதமும் குறைந்தது. மதில் தளர, வாயிலும் குறுகிற்று எனலாம். எனினும் ஆறுதலான செய்தியும் அதே ஆய்வுகளில் உண்டு. மெக்சிகோ எலிகளிடம் சிறிது நேர உறக்கமே மூளையின் பெரும்பாலான பகுதிகளில் கசிவை நிறுத்தியது. அமெரிக்க ஆய்வில் ஒரு நாள் உறங்கவிட்டதும் கசிவு வழக்கமான அளவிற்குத் திரும்பிற்று.

எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்வது முறையன்று. எனினும் உறக்கத்தைச் சோம்பலின் பெயரென்று கருதும் பழக்கத்தை மாற்ற இச்சான்று போதும்.

விழிஞ்ஞத்தில் இன்று இருவகைக் கடலோடிகள் அருகருகே உள்ளனர். 2024 ஜூலையில் முதல் பெரும் சரக்குக் கப்பல் வந்து, 2025 மே மாதத்தில் முறைப்படி திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தை அணையும் கப்பல்களின் மாலுமிகளுக்கு, 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் காப்பு உண்டு. ஓய்வு நேரத்தை அடிப்படையாகக் கொள்ளும் முறையில், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டுமென்று அது விதிக்கிறது. ஓய்வை இரண்டிற்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரிக்கலாகாது. ஒரு பகுதியேனும் ஆறு மணி நேரம் இருத்தல் வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கான 2007ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதே 10 மணி, 77 மணிக் கணக்கு உள்ளது. ஆனால் அது மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகுகளுக்கே உரியது. மாலையில் சென்று காலையில் திரும்பும் சிறு படகு அக்கணக்கில் அடங்காது. ஒரே கடலில் விழித்திருக்கும் இருவரில் ஒருவருடைய உறக்கத்திற்கு மட்டும் கணக்குப் புத்தகம் உண்டு!

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏலக்களத்தை ஒட்டி, வெளிச்சமும் இரைச்சலும் புகாத, காற்றோட்டமுள்ள ஓய்வுக்கூடம் ஒன்று அமைக்கப்படலாம். ஏலத்திற்குப் பிந்தைய வேலைகளைக் கரையில் இருப்போர் ஏற்றால், கடலிலிருந்து வந்தவர் வெயிலுக்கு முன்னரே கண்ணயர இயலும். வலை மிதக்கும் நேரத்தில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் முறைவைத்து உறங்குவதையும் படகுக் குழுக்கள் வழக்கமாக்கிக் கொள்ளலாம்.