விண்மீனுக்குப் பெயர் சூட்டுதல்

மணநாள், வளைகாப்பு, அறுபதாம் ஆண்டு நிறைவு முதலிய நற்காலங்களில் வேண்டியவர்க்கு அன்பளிப்பு நல்குவது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். மும்பை மாதுங்காவின் கடைத்தெருவில் பூமாலையும் குத்துவிளக்கும் பட்டுச்சேலையும் வாங்கி மகிழும் நம் மக்களிடையே, அண்மைக் காலத்தில் புதியதோர் அன்பளிப்பும் பேசப்படுகிறது. விண்மீன் ஒன்றுக்கு நாம் விரும்பியவரின் பெயரைச் சூட்டி, அதனைச் சான்றிதழாக அளிப்பதே அது.

பணம் செலுத்தினால், அழகிய தாளில் பெயரும், விண்மீனின் இருப்பிட எண்களும், வானப்படம் ஒன்றும் அச்சிட்டு அனுப்பும் தனியார் நிறுவனங்கள் மேலைநாடுகளில் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. 2020-ஆம் ஆண்டில் மும்பையில் மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் பெயரை, அவருடைய அன்பர் ஒருவர் இவ்வாறு ஒரு விண்மீனுக்குப் பதிவு செய்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அன்பு உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆயினும், அப்பெயர் வானநூலார் ஏட்டில் ஏறுமா என்பது வேறு வினா.

நாம் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவர். எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும், இதனை வழங்கியவர் யார், வழங்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது இத்தொழிலில் படியும் பழக்கம். விண்மீன்களின் பெயரைப் பொறுத்தவரையில், உலகெங்கிலும் உள்ள வானநூலார் ஏற்கும் அமைப்பு, 1919-இல் தோன்றிய அனைத்துலக வானியல் ஒன்றியமே. விண்மீன்களின் பெயர்களை வரையறுப்பதற்கென 2016-இல் அவ்வொன்றியம் ஒரு குழுவை அமைத்தது. அது பெயர்களை விலைக்கு விற்பதில்லை. விற்பவர்க்கு உரிமம் வழங்குவதுமில்லை. ஆகவே, ஒரே விண்மீனை ஒரு நிறுவனம் ஒருவர்க்கும் மற்றொரு நிறுவனம் இன்னொருவர்க்கும் அளித்தாலும் தடுப்பார் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தாராவியில் வாழும் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய குடும்பம். அவருடைய தாயார் அங்கேயே முறுக்குச் சுட்டு விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அப்பொழுது மறைந்து ஓராண்டு நிறையவிருந்தது. தாயார் பெயரில் ஒரு விண்மீனைப் பதிவு செய்து, ஆங்கிலச் சான்றிதழ் ஒன்றை அவர் பெற்றிருந்தார். “அண்ணாச்சி, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள். அம்மையின் படத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்கள் படிக்க வேண்டும்” என்றார்.

சான்றிதழின் முன்பக்கம் எடுப்பான எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில், இப்பெயர் நிறுவனத்தின் சொந்த ஏட்டில் மட்டுமே பதிவாகும், அறிவியல் வழக்கில் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதனையும் தமிழாக்கிப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமா, அண்ணாச்சி?” என்றார்.

“தம்பி, உள்ளதை விட்டு எழுதினால் அது மொழிபெயர்ப்பு ஆகாது. ஆனால் ஒன்று: படத்தில் குறித்துள்ள இடத்தில் விண்மீன் உண்மையாகவே இருக்கிறது. அதைப் பார்த்து உங்கள் அம்மையை நினைப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை” என்றோம். அவர் அவ்வரியோடு சேர்த்தே எழுதி வாங்கிச் சென்றார். ஆயின், செலவழித்த பணம், அன்றாடம் உழைத்துச் சேர்த்த பணம். முன்னரே விவரம் தெரிந்திருந்தால் அதனை வேறு வகையில் செலவிட்டிருப்பார் என்பதனாலேயே இதனை இங்குச் சொல்கிறோம்.

இனி, முறைப்படி பெயர் ஏறுவது எவ்வாறு என்று பார்ப்போம். ஐரோப்பியரின் கையா விண்கலம் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களை அளந்து குறித்திருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எண்ணே பெயர். ஒன்றியம் ஏற்ற தனிப்பெயர்கள் சில நூறுதான். அவற்றுள் நம் பஞ்சாங்கத்துப் பரணியும் ரேவதியும் உண்டு. பரணியில் பிறந்து அப்பெயரையே தாங்கியவர்கள், செலவின்றியே வானேட்டில் இடம்பெற்றவர்கள் எனலாம்.

ஒன்றியத்தின் நூற்றாண்டையொட்டி, 2019-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனுக்குப் பெயரிடும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. நம் நாடு எச்.டி. 86081 என்னும் விண்மீனுக்கு ‘பிபா’ என்று பெயரிட்டது. காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலார் பிபா சௌதுரியின் நினைவாக அமைந்த பெயர் அது. அவ்வம்மையார் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1949-இல் சேர்ந்து பணியாற்றியவர். கோலார் தங்கச் சுரங்க ஆய்விலும் பங்கு கொண்டவர். 1991-இல் மறைந்தார். இப்பெயருக்கு எவரும் ஒரு காசும் செலுத்தவில்லை.

தமிழகத்தின் பங்கும் இதில் சிறிதன்று. 1988-இல் காவலூர் வானாய்வு நிலையத்தில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் இடப்பட்டது. அதன் எண் 4130. சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவ்விண்மீன் இன்றும் ‘ஆர் ரெட்டிகுலை’ என்றே வழங்குகிறது. அதில் அவர் பெயர் இல்லை. எனினும், அதன் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

அப்படியாயின், விண்மீனை அன்பளிப்பாக அளிக்கவே இயலாதா? அளிக்கலாம், காட்டுவதே அந்த அன்பளிப்பு. மணமக்களுக்கு அருந்ததி காட்டும் நம் மரபும் அத்தகையதே. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மிகவும் பொருத்தமானது அகத்தியர் விண்மீன். பிப்ரவரி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் தெற்கு நோக்கி நின்றால், தாழ்வாக, ஆனால் மிகப் பிரகாசமாக அது தோன்றும். வானில் சிரியசு ஒன்றே அதனினும் ஒளிமிக்க விண்மீன். கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. தில்லியில் அகத்தியர் அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஏறுவார். மும்பையில் ஏறத்தாழ இரண்டு முட்டி. கன்னியாகுமரியில் மூன்று முட்டி. ஊருக்கு நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை அவ்வுயரமே சொல்லிவிடும்.

செம்பூரின் மாடிகளிலிருந்தும், தெற்கே கட்டடம் மறைக்காத எந்தத் திடலிலிருந்தும் இதனைக் காணலாம். புகைமூட்டம் மிகுந்த நாளில் தெரியாமற் போனால், ஒர்லியில் 1977-இல் திறக்கப்பெற்ற நேரு கோளரங்கம் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் சென்று, இது அகத்தியர், இது பரணி என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பெயர்களை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.