வளர்த்த மீனை விட்டுவிடாதீர்கள்

நெற்றி புடைத்த லுவோஹான் மீன் நினைவிருக்கிறதா? 1990களில் மலேசியாவில் உருவான கலப்பினம். அதிர்ஷ்டம் தரும் என்று 2000களின் தொடக்கத்தில் இங்கே சிங்கப்பூரில் பலரும் போட்டி போட்டு வாங்கினார்கள். மோகம் தணிந்ததும் சிலர் அதை நீர்த்தேக்கங்களில் விட்டுவிட்டார்கள்.

அது முரட்டு மீன். தன் இடத்துக்குள் எது நுழைந்தாலும் பாய்ந்து கடிக்கும். சிறு மீனையும் இறாலையும் விழுங்கும். தென்னமெரிக்க பீகாக் பாஸ் மீனும் ஆட்கள் விட்டதால் வந்து பெருகியதுதான். ஆங் மோ கியோவை ஒட்டிய லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு மேலே, காட்டோடைகளில் நம் மண்ணைச் சேர்ந்த சிறு மீன்கள் மிஞ்சியிருக்கின்றன. இந்த முரட்டு மீன்கள் அங்கே புகுந்தால் அவற்றுக்குப் போக வேறு இடமில்லை.

விசாக தினத்தன்று புண்ணியம் என்று மீன் விடுவோரின் நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் விடாதீர்கள், அனுமதியின்றி விடுவது குற்றமும்கூட. வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.